தகைமையும் வாய்மையும்

பதவியை அளிப்போருக்கும் அதனை ஏற்போருக்கும் இடையே எழுத்தில் அமையும் உடன்படிக்கை சம்பளம், கடமை, காலம் என்பன பற்றியதாம். அவ்வெழுத்துக்கு முன்னே எழுதப்படாத உடன்படிக்கை வேறொன்றுண்டு. யான் இன்னது கற்றேன், இன்னது கற்றிலேன், இன்னது செய்ய வல்லேன் என்று ஏற்பவன் தன்னைப் பற்றிக் கூறுஞ் சொல்லும், அச்சொல்லை அளிப்பவன் நம்புதலுமே அவ்வுடன்படிக்கையாகும். முன்னையது பிழைத்தால் நீதிமன்றம் செல்லலாம். பின்னையது பிழைத்தாலோ, அந்தப் பதவியால் யார் பயன்பெற வேண்டியிருந்தனரோ அவர்களே முதலில் இழப்பெய்துவர். கல்லா ஆசிரியனிடம் பிள்ளையை ஒப்புவித்த பெற்றோர்க்கு அப்பிள்ளையின் கழிந்த ஆண்டுகளை எந்த நீதிமன்றமும் மீட்டுக் கொடுப்பதில்லை.

திருவள்ளுவனார் இப்பொருளை இருவேறு இடங்களில் வைத்துப் பேசினார். ஆள்வினைக்கு உரியாரை ஆராய்ந்து தேர்தல் பற்றிப் பொருட்பாலில் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள் வகுத்தார். அவ்விரண்டும் பெரும்பாலும் பதவி அளிப்போனை நோக்கியன. ஏற்போன் தன்னைப் பற்றி உண்மை கூற வேண்டுமென்னும் கடப்பாட்டிற்குத் தனி அதிகாரம் அங்கே இல்லை. அது அறத்துப்பாலில் வாய்மை என்னும் அதிகாரத்துள் அடங்கிவிடுகின்றது. ஆராய்வது அரசியல்; உண்மை கூறுவது அறவியல். ஆராய்வோன் கண்மூடியவிடத்தும் கூறுவோன் வாய் பிறழலாகாது என்பது இவ்வமைப்பினாற் பெறப்படும்.

தகைமையை அளக்கும் முறை காலந்தோறும் மாறி வந்துள்ளது. முற்காலத்தில் அரங்கேற்றமும் சாற்றுகவியும் வித்துவ சபையும் அளவுகோல்களாயிருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷன் பாடசாலைகளும் அரசாங்கக் கலாசாலைகளும் தோன்றியபோது பெரியோரின் நற்சாட்சிப் பத்திரம் அவ்விடத்தைப் பெற்றது. பல்கலைக்கழகங்கள் எழுந்த பின்னர்ப் பரீட்சையும் பட்டமும் வந்தன. ஒவ்வொரு முறையிலும் உண்மைக்கு இடமிருந்தது போலவே பொய்க்கும் இடமிருந்தது. சாற்றுகவியை இரந்து பெறலாம். நற்சாட்சியைத் தயவினாற் பெறலாம். பட்டத்தைப் பொய்யாகவும் எழுதிக்கொள்ளலாம். ஆகவே முறை எதுவாயினும் ஏற்பவனது வாய்மையே இறுதிக் காவலாயிற்று. இதனைத் தமிழர் வரலாற்றிற் காணப்படும் சில நிகழ்ச்சிகளைக் கொண்டு ஆராய்தல் பொருத்தமுடைத்து.

1. சிறுப்பிட்டியிலிருந்து சென்னைக்கு

நெல்லியடியிலிருந்து பருத்தித்துறை வீதி வழியே யாழ்ப்பாணம் செல்வோர் வல்லை வெளியைக் கடந்து தெற்கே செல்லுங்கால் சிறுப்பிட்டியையும், அதற்கப்பாற் கோப்பாயையும் காண்பர். சிறுப்பிட்டியில் 1832ஆம் ஆண்டு பிறந்தவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. அமெரிக்க மிஷனார் 1823இல் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினறியிற் கற்று, இளமையிலேயே கோப்பாயில் ஆசிரியராய் அமர்ந்தார். அச்செமினறியிலே தமிழும் ஆங்கிலமும் உயர்தரக் கணிதமும் வானசாத்திரமும் கற்பிக்கப்பட்டன. கல்வித் தரத்தில் அஃது ஒரு கல்லூரிக்குக் குறைந்ததன்று. ஆயினும் பட்டம் வழங்கும் அதிகாரம் அதற்கு இருந்ததில்லை. 1855இல் அது மூடப்பட்ட பின்னர், அங்கே கற்றோர் தமது கல்விக்குச் சான்றாகக் காட்டக்கூடியது ஆசிரியர் கொடுத்த கடிதமொன்றே.

பேர்சிவல் பாதிரியாரின் அழைப்பினாற் சென்னை சென்ற தாமோதரம்பிள்ளை தினவர்த்தமானி என்னும் பத்திரிகையை நடாத்தினார். ஆசிரியரென்றும் பத்திரிகையாளரென்றும் அவருக்கு அக்காலத்திலேயே மதிப்புண்டாயிற்று. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் நிறுவப்பெற்று முதலாவது பி.ஏ. பரீட்சையை அறிவித்தபோது, அப்பரீட்சைக்குத் தோற்றித் தேறியோர் இருவர். ஒருவர் தாமோதரம்பிள்ளை, மற்றவர் கணிதத்தில் வல்ல ஆசிரியராய் விளங்கிய கறல் விசுவநாதபிள்ளை. இருவரும் யாழ்ப்பாணத்தார், இருவரும் வட்டுக்கோட்டையிற் கற்றோர். முன்னரே கற்பித்துப் பெயர் பெற்றோர் மாணவர் வரிசையில் அமர்ந்து விடை எழுதினர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. பிறர் கடிதத்தின் நிழலில் நின்று பதவி பெறுதல் அவர்களுக்கு எளிதாயிருந்தது. அங்ஙனமிருந்தும் தம் கல்வியை அறியாதாரொருவர் அளந்து பார்க்கும்படி அதனை வெளியில் வைத்தனர்.

இப்பெரியார் பிற்காலத்தே தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இலும் கலித்தொகையை 1887இலும் அச்சேற்றினார். பதிப்புரையொன்றில் அவர் தம் நிலையைத் தாமே எடுத்துரைத்த வகை வியக்கத்தக்கது. புலவர், வித்துவான் முதலிய பெரும் பட்டங்களின் சுமை தம் தலைமேல் இல்லையென்றும், அப்பட்டம் தாங்கியோர் பிழை நேருமோவென அஞ்சி முன்வாராதிருக்கையில், இழத்தற்கு ஒரு பட்டமும் இல்லாத தாம் இப்பணியில் இறங்குவது தகுமென்றும் கருத்துப்பட எழுதினார். செல்லரித்து மாண்டு கொண்டிருந்த ஏடுகள் மகாவித்துவான் ஒருவர் வரும்வரை காத்திரா என்பது அவர் உணர்ந்த உண்மை. பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரியாகிய அவர், அப்பட்டம் தமிழிலக்கணப் புலமைக்குச் சான்றாகாது என்பதையும் உடன் உணர்ந்திருந்தார். இல்லாத தகைமையைக் கூறாது விடுதல் வாய்மையின் ஒரு பாதி. உள்ள தகைமையை அதன் எல்லைக்கு அப்பால் நீட்டாதிருத்தல் மற்றைப் பாதி.

2. கும்பகோணம், 1880

கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியிலே தமிழ்ப் பண்டிதராயிருந்தவர் தியாகராச செட்டியார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையின் மாணாக்கருள் முதன்மையானவர். 1880ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவர் ஓய்வு பெற விரும்பி, தம்மிடத்திற்கு உ. வே. சாமிநாதையரை அழைத்தார். அப்பொழுது ஐயருக்கு இருபத்தைந்து வயது நிரம்பிக்கொண்டிருந்தது. மாயூரத்திலே பிள்ளையவர்களை அடுத்துக் கற்று, 1876இல் அவர் மறைந்த பின்னர்த் திருவாவடுதுறை ஆதீனத்தில் சுப்பிரமணிய தேசிகர் ஆதரவில் பாடஞ் சொல்லி வந்தவர். பல்கலைக்கழகப் பட்டம் யாதொன்றும் அவருக்கு இல்லை. அவர் கையில் இருந்தன இரண்டே: நல்லாசிரியரை அடுத்துக் கற்ற கல்வியும் அதனை அறிந்தவர் கூறுஞ் சான்றும்.

கல்லூரி அதிபர் கோபாலராவ் செட்டியாரது சொல்லை மதித்தவரே. ஆயினும் அச்சொல்லை மாத்திரம் கொண்டு நியமனஞ் செய்தாரல்லர். ஆசிரியர் பலர் கூடியிருக்க, ஐயர் பாடல்களைச் சொல்லிப் பொருள் விரித்தார்; கொடுத்த பொருள்மேல் அவ்விடத்திலேயே செய்யுளும் இயற்றினார். அதன் பின்னரே பதவி உறுதியாயிற்று. பெப்ரவரி மாதத்தில் மாதம் ஐம்பது ரூபா சம்பளத்தில் ஐயர் கற்பிக்கத் தொடங்கினார். இந்நிகழ்ச்சியில் மூவரும் தத்தம் கடமையைச் செய்தனர். சான்று கூறியவர் தம் பெயரைப் பிணையாக வைத்தார், அளித்தவர் ஆராய்ந்தார், ஏற்றவர் தாம் கற்றதை மறைவின்றி வெளிப்படுத்தினார். பட்டமில்லாத ஒருவர் பட்டங்களுக்கு மதிப்பளிக்கும் கலாசாலையில் நுழைந்தது இவ்வாறு நேர்மையான வாயில் வழியேயாம்.

ஆயின் பதவியை ஏற்றவுடன் வாய்மையின் வேலை முடிந்துவிடுவதில்லை. உண்மையில் கடினமான சோதனை அதன் பின்னரே வருகின்றது. நியமனத்துக்கு முன் தன் குறையைக் கூறுவோன் ஒரு வாய்ப்பை மாத்திரம் இழக்கக்கூடும். நியமனம் பெற்ற பின்னர்க் கூறுவோனோ மதிப்பையும் இழக்க நேரும். ஐயருக்கு இச்சோதனை அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே வந்தது.

கும்பகோணத்துக்கு முன்சீபாய் வந்த சேலம் இராமசுவாமி முதலியாரை ஐயர் முதன்முறை கண்டது 1880ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 21ஆந் தேதி. யாரிடம் கற்றீர், என்ன கற்றீர் என்று முதலியார் வினாவினார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை எனவும், புராணங்கள் எனவும் தாம் கற்ற நூல்களை ஐயர் அடுக்கினார். அக்காலத்தில் ஒரு பண்டிதர் இதற்குமேற் கூற வேண்டுவதொன்றில்லை. முதலியாரோ அவற்றுள் எதனாலும் நிறைவடைந்தாரல்லர். இவற்றிற்கெல்லாம் முற்பட்ட சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை முதலியவற்றைக் கற்றதுண்டா என்று கேட்டார்.

இவ்விடத்தில் ஐயர் எய்தக்கூடிய எளிய விடைகள் பல இருந்தன. சிறிது பார்த்ததுண்டு எனலாம். இளமையிற் கேட்டதுண்டு எனலாம். அவை சைன பௌத்த நூல்கள், கற்கத் தக்கனவல்ல என ஒதுக்கிவிடலாம். கல்லூரிப் பண்டிதர் என்னும் பெயர் அவ்விடைகளுக்குப் போதிய மறைப்பாயிருந்திருக்கும். ஐயர் அவற்றுள் ஒன்றையும் கூறாது, அந்நூல்களைத் தாம் கற்றதில்லை, அவை கிடைத்ததுமில்லை என்றார். முதலியார் சிந்தாமணிப் பிரதியொன்றைத் தந்து அதனைப் பாடஞ் சொல்லும்படி வேண்டினார். படிக்கத் தொடங்கியபோது, எட்டு மாதம் கல்லூரியிற் கற்பித்த அப்பண்டிதருக்கு அந்நூலின் வழி புலப்படவில்லை. சைன சமயக் கொள்கைகளும் மரபுகளும் அறியாமல் அதன் பொருள் விளங்காதெனக் கண்டு, அவ்வூரில் வாழ்ந்த சைனர் இல்லம் சென்று கேட்டறிந்தார். கற்பிப்போர் என்று ஊரார் மதித்த ஒருவர் கற்போராய்ப் பிறர் வாயிலில் நின்றார்.

அந்த இல்லை என்னும் விடையிலிருந்து பிறந்தவை எவையென நோக்குக. சீவக சிந்தாமணி 1887இலும், பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் அவரால் அச்சேறின. தாம் அறியாததை அறிந்ததாகக் காட்டியிருப்பின் ஐயர் அன்றைய மாலையில் ஒரு சிறு வெட்கத்தினின்றும் தப்பியிருப்பார். முதலியாரும் ஏட்டைக் கொடுக்க வேண்டிய தேவையைக் கண்டிரார். அந்நூல்கள் வேறொருவராற் பிறிதொரு காலத்தில் வெளிவந்திருக்கலாம், வாராமலும் போயிருக்கலாம். அக்காலத்திற் செல்லும் நெருப்பும் நீரும் ஏடுகளை விழுங்கிக் கொண்டிருந்த விரைவை நோக்குமிடத்து, காலதாமதம் என்பது சிறிய இழப்பன்று.

சிறுப்பிட்டித் தாமோதரம்பிள்ளை அக்காலத்தே கும்பகோணத்தில் வழக்கறிஞராய் வாழ்ந்து ஐயரோடு பழகினார் என்பதும் நினைத்தற்குரியது. ஒருவர் பட்டம் பெற்றவர், மற்றவர் பெறாதவர். ஏட்டின் முன் இருவரும் தம் அறியாமையை ஒளியாமையினாலே ஒரே பணியைச் செய்தனர்.

3. துறைமுகத்துக் கந்தோருக்கு ஒரு விண்ணப்பம்

அதே கும்பகோணம் கல்லூரியில் 1904ஆம் ஆண்டு மாணவராய்ச் சேர்ந்தவர் சீனிவாச இராமானுசன். சாமிநாதையர் அதற்கு முன்னாண்டே சென்னை மாகாணக் கல்லூரிக்கு மாறிச் சென்றுவிட்டார். இராமானுசன் கணிதத்திலன்றிப் பிறபாடங்களில் மனஞ் செலுத்தாமையால் உபகாரச் சம்பளத்தை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் கற்று எப்.ஏ. பரீட்சைக்குத் தோற்றியும் தேறவில்லை. பட்டமில்லை, பட்டத்துக்கு முற்பட்ட பரீட்சையிலும் தேர்ச்சியில்லை. கைந்நிறையக் கணிதக் குறிப்பேடுகள் மாத்திரம் இருந்தன.

1910இல் அவர் திருக்கோவலூரில் உதவிக் கலெக்டராயிருந்த வி. இராமசுவாமி ஐயரிடம் சிறு எழுத்தர் வேலையொன்று கேட்டுச் சென்றார். இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவிய அவர், குறிப்பேடுகளைக் கண்டு, இத்தகையாரைத் தாலுக்காக் கந்தோரிற் புதைத்தல் தகாதெனக் கருதிச் சென்னைக் கணித அறிஞரிடம் அனுப்பினார். நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திரராவ் சிலகாலம் மாதம் இருபத்தைந்து ரூபா உதவினார். பிறர்க்குச் சுமையாயிருக்க விரும்பாத இராமானுசன் உத்தியோகமே நாடினார்.

1912ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆந் தேதி அவர் சென்னைத் துறைமுகத்து அதிகாரிகளுக்கு எழுதிய விண்ணப்பம் இன்றும் அறியக் கிடக்கின்றது. மெற்றிக்குலேசன் பரீட்சையிற் தேறியதையும், எப்.ஏ. வரை படித்ததையும், மேலே படிப்பைத் தொடர இயலாது போனதையும், அதன் பின்னர்த் தம் காலத்தைக் கணிதத்திற் செலவிட்டதையும் அதிற் கூறினார். எப்.ஏ. வரை படித்தல் வேறு, எப்.ஏ. தேறுதல் வேறு. இவ்விரண்டையும் குழப்பி எழுதினாலும் முப்பது ரூபா எழுத்தர் வேலைக்கு எவரும் ஆழமாக ஆராய்ந்திருக்க மாட்டார். இராமானுசன் தாம் தேறியதைத் தேறியதென்றும், படித்ததைப் படித்ததென்றும் வேறுபடுத்தி எழுதினார். தோல்வியின் விவரங்களை விரித்தாரல்லர். விண்ணப்பமொன்றில் அங்ஙனம் விரிக்க வேண்டுமென்று வாய்மை வற்புறுத்துவதில்லை. படிப்பவன் பொய்யான முடிவுக்கு வாராதபடி எழுதுதலே அது வேண்டுவது. மாகாணக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ற் அவருக்கு நற்சான்று அளித்தார். 1912 மார்ச் முதலாந் தேதி பதவி கிடைத்தது.

மறு ஆண்டு சனவரி 16ஆந் தேதி கேம்பிரிட்சிலிருந்த ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் இவ்வாய்மை மேலும் தெளிவாகத் தோன்றுகின்றது. உலகப் புகழ் பெற்ற கணிதப் பேராசானுக்கு எழுதுபவர், தாம் துறைமுகத்துக் கணக்குப் பகுதியில் எழுத்தர் என்றும், தம் ஆண்டுச் சம்பளம் இருபது பவுணே என்றும், பல்கலைக்கழகக் கல்வி தமக்கு இல்லையென்றும் முகப்பிலேயே கூறினார். அக்கடிதத்திலேயே தம் வயது ஏறக்குறைய இருபத்துமூன்று என்றும் எழுதினார். 1887 டிசம்பரிற் பிறந்த அவருக்கு அப்போது இருபத்தைந்து நிரம்பியிருந்தது. வரலாறு எழுதுவோர் இதனை மறைத்தல் கூடாது. மேன்மக்களும் எல்லாவிடத்தும் துல்லியமாய் இருந்தாரல்லர். ஆயினும் எந்தச் செய்தியைக் கொண்டு ஹார்டி தம்மை மதிப்பிடுவாரோ அச்செய்தியில், அதாவது கல்வித் தகைமையில், அவர் யாதொன்றையும் கூட்டிக் கூறவில்லை.

அவ்வாய்மையாற் பயன் விளைந்ததோ எனின், விளைந்தது. துறைமுகத்துத் தலைமைக் கணக்காளர் நாராயண ஐயர், தலைவர் சேர் பிரான்சிஸ் ஸ்பிறிங், வானிலை ஆய்வுத் துறைத் தலைவர் கில்பேட் உவோக்கர் ஆகியோர் அவர் நிலையை உள்ளவாறே அறிந்து ஆதரித்தனர். முதுகலைப் பட்டம் பெற்றோர்க்கே உரியதாயிருந்த ஆராய்ச்சி உபகாரச் சம்பளத்தைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1913இல் மாதம் எழுபத்தைந்து ரூபாவாக அவருக்கு வழங்கிற்று. விதிக்கு விலக்கு அளித்தவர்கள் எதற்கு விலக்களிக்கிறோம் என்பதை அறிந்தே அளித்தனர். பொய்ப் பட்டமொன்றின்மேல் அச்சம்பளம் கிடைத்திருப்பின், அது வெளிப்படும் நாளில் கணிதமும் உடன் ஐயத்துக்குள்ளாகியிருக்கும். 1916இல் கேம்பிரிட்சு அவரது ஆராய்ச்சிக்காகப் பி.ஏ. பட்டம் அளித்தது. 1918இல் அவர் இறோயல் சங்கத்து உறுப்பினரானார்.

இந்நிகழ்ச்சி மற்றொரு பாடமும் தருகின்றது. வாய்மை தானாகவே பதவியைக் கொண்டுவருவதன்று. உண்மை கூறுவோனைக் காணும் கண்ணுடையார் மறுபக்கத்தில் இருத்தல் வேண்டும். தராதரப் பத்திரத்தை மாத்திரம் எண்ணி ஆளை எண்ணாத இடத்தில், இராமானுசன் போன்றார் பலர் வாயிலிலேயே நின்றிருப்பர். ஆதலின் உண்மை கூறுக என்று இளைஞரைப் பணிக்கும் சமூகம், உண்மை கூறுவோனைத் தண்டியாதிருக்கவும் கடமைப்பட்டுள்ளது.

4. வெளிவாரிப் பட்டமும் ஈழநாடும்

இலங்கையின் கல்வி வரலாற்றில் இப்பொருளுக்குத் தனித்ததோர் இடமுண்டு. இலண்டன் பல்கலைக்கழகம் 1858ஆம் ஆண்டுச் சாசனத்தின்படி, கல்லூரிகளிற் சேர்ந்து கல்லாதாரும் தன் பரீட்சைகளுக்குத் தோற்றலாமென வாயில் திறந்தது. பின்னர் அவ்வாயில் குடியேற்ற நாடுகளுக்கும் விரிந்தது. கொழும்பில் 1921இல் தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரியும் இலண்டன் பட்டங்களுக்கே மாணவரைப் பயிற்றிற்று. இலங்கைப் பல்கலைக்கழகம் எழுந்தது 1942இலேயாம். ஆகவே நீண்டகாலம் இந்நாட்டில் ஆசிரியராய்ப் பகலில் உழைத்து, இரவில் விளக்கடியிற் கற்று, வெளிவாரியாகப் பட்டம் பெற்றோர் பலராயினர். யாழ்ப்பாணத்துப் பாடசாலைகள் பலவற்றின் கல்வி அவர்கள் தோள்மேல் நின்றது. 1974இல் யாழ்ப்பாணத்திலே பல்கலைக்கழக வளாகம் தோன்றிய பின்னரும் வெளிவாரிக் கல்வியின் தேவை ஒழிந்துவிடவில்லை.

வெளிவாரிப் பட்டம் தாழ்ந்ததன்று. வினாத்தாளைத் திருத்துவோன் விடையெழுதியவன் விரிவுரை கேட்டானா என நோக்குவதில்லை. ஆயினும் இலண்டன் என்னும் அடைமொழி கேட்போர் மனத்தில் கடலுக்கப்பாலுள்ள விரிவுரை மண்டபங்களை எழுப்பக்கூடும். வெளிவாரி என்னும் ஒரு சொல்லை விட்டுவிடுதலால் அந்த மயக்கம் நிலைக்கும். கூறப்பட்டது ஒவ்வொன்றும் மெய்யாயிருக்க, கேட்டவன் கொண்ட கருத்து பொய்யாதல் இவ்வகையிலேயாம். வாய்மையைச் சொல்லளவில் நிறுத்துவோர் இங்கே குற்றமில்லை என்பர். கேட்டவன் உள்ளத்தில் விளைவது யாதென நோக்குவோர் அச்சொல்லை விடார். அன்றியும், தனியே நின்று கற்ற முயற்சியை மறைத்தல் தன் உழைப்பின் சிறந்த பகுதியைத் தானே மறைத்தலாகும்.

விபுலானந்த அடிகள் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாவர். காரைதீவில் 1892இல் மயில்வாகனம் என்னும் பெயரோடு பிறந்த அவர், மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதப் பரீட்சையில் 1916இல் தேறினார். இலங்கையரில் அதனிற் தேறிய முதல்வர் அவரே. 1920இல் இலண்டன் விஞ்ஞானப் பட்டம் பெற்றார். மதுரையிலோ இலண்டனிலோ தங்கிப் படியாமல் இரு பரீட்சைகளிலும் தேறியவர் அவர். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராயும் விளங்கினார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகமும் அவரைத் தம் முதற் தமிழ்ப் பேராசிரியராக அமர்த்தின. விஞ்ஞானப் பட்டம் தமிழ்ப் பேராசிரியப் பதவிக்கு நேரான தகைமையன்று. பண்டிதப் பட்டமோ பல்கலைக்கழகப் பட்டமன்று. இரண்டையும் இரண்டாகவே கொண்டு, அவற்றுக்கிடையே தம் புலமையை நிறுத்திக் காட்டினார். 1947இல் வெளிவந்த யாழ்நூலில் கணிதமும் தமிழும் இசையும் ஒன்றுகூடி நிற்கக் காண்கிறோம். இரண்டு தகைமைகளின் உண்மையான பயன் அதுவாம்.

வடமராட்சிக்கும் இவ்வரலாற்றிற் பங்குண்டு. புலோலியிற் பிறந்து சென்னை சென்ற நா. கதிரைவேற்பிள்ளை உவெஸ்லிக் கல்லூரியிலே தமிழ் கற்பித்தார், திரு. வி. கலியாணசுந்தரனார் அவரிடங் கற்றவர். அறியாத நகரத்தில் யாழ்ப்பாணத்துப் பண்டிதரொருவர் மதிப்புப் பெற்றது மாணவர் முன்னிலையில் நாள்தோறும் நிகழ்ந்த சோதனையினாலேயாம். வகுப்பறை பொய்த் தகைமையை நெடுநாட் பொறுப்பதில்லை. பிள்ளைகள் ஆசிரியனை எடைபோடும் தராசு அதிகாரிகளின் தராசினும் நுண்ணியது.

5. அண்மைக் காலத்து நிகழ்ச்சி

பழைய காலத்தாரையே கூறி நிறுத்தின், இக்காலத்துக்கு இது பொருந்துமோவென ஐயுறுவோரும் உளர். 2024ஆம் ஆண்டு நவம்பர் 21ஆந் தேதி இலங்கைப் பாராளுமன்றத்தின் சபாநாயகராகத் தெரிவு செய்யப்பட்ட அசோக ரன்வல, தம் கலாநிதிப் பட்டம் பற்றி எழுந்த வினாக்களின் நடுவே டிசம்பர் 13ஆந் தேதி பதவி துறந்தார். தாம் பொய் கூறவில்லை என்றும், பட்டத்துக்குரிய ஆவணங்களை உடனே காட்ட இயலாதிருக்கின்றதென்றும் அவர் கூறினார். அவர் கூற்றின் மெய்ம்மையை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமன்று. சபாநாயகர் பதவிக்குக் கலாநிதிப் பட்டம் வேண்டுமென்று எந்த விதியும் இல்லை என்பதே ஈண்டு நோக்கத்தக்கது. வேண்டப்படாத ஒரு தகைமை, காட்ட இயலாமையால், நாட்டின் உயர் பதவிகளுள் ஒன்றைச் சில கிழமைகளில் அசைத்துவிட்டது. மக்கள் பட்டமில்லாத சபாநாயகரை ஏற்க ஆயத்தமாயிருந்தனர். ஐயத்துக்கிடமான பட்டத்தை ஏற்க ஆயத்தமாயிருந்திலர்.

பெயருக்கு முன்னே எழுதப்படும் ஒவ்வோர் அடைமொழியும் கேட்டபோது காட்டப்பட வேண்டிய கடன் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்தும். பிறர் தம்மைத் தவறாகக் கலாநிதி என்றோ பண்டிதர் என்றோ விளிக்கும்போது வாளாவிருத்தலும் அக்கடனில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளுதலேயாம்.

6. முடிவு

மேலே கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்துச் சில உண்மைகள் பெறப்படும். பதவியை ஏற்போன் தான் பெற்ற தகைமையை அதன் சரியான பெயரால் கூறல் வேண்டும். படித்ததும் தேறியதும் வேறு. தேறியதும் வல்லமையும் வேறு. அளிப்போன் தவறான எண்ணத்தோடு நியமனக் கடிதத்தை நீட்டுவதாகத் தோன்றுமிடத்து, அதனைக் கையேற்கு முன்னரே திருத்தல் வேண்டும். நியமனக் கடிதம் வந்தபின் வாய்திறத்தற்கு அச்சம் மிகுமென்பது மெய்யே. ஆயினும் ஏற்ற பின்னர் வெளிப்படும் குறை ஏற்குமுன் கூறிய குறையினும் பன்மடங்கு கனமுடையது. ஏற்றபின் அறியாதது எதிர்ப்படின், இராமசுவாமி முதலியார் முன் சாமிநாதையர் நின்றாற்போல நின்று, அறிந்தாரை நாடிச் செல்லல் வேண்டும்.

இவ்வழியில் இழப்பு இல்லையென்று கூறுதல் பொய்யாகும். உண்மை கூறியதால் வேலை கிடையாது திரும்பியோர் வரலாற்றில் பெயரின்றி மறைந்திருப்பர். எழுதப்பட்ட வரலாறு வென்றாரையே பெரும்பாலும் நினைவிற் கொள்ளும். நெல்லியடியிலும் கரவெட்டியிலும் புலோலியிலும் பட்டச் சான்றிதழைக் கையிலேந்தி நியமனத்துக்காக ஆண்டுக்கணக்காய்க் காத்திருக்கும் இளைஞருக்கு, பக்கத்து வீட்டான் ஒரு வரி கூட்டியெழுதி முந்திக்கொண்டான் என்னும் செய்தி பொறுத்தற்கரியது. அவர்களுக்கு எளிய ஆறுதல் கூறுதல் தகாது. ஒன்று மாத்திரம் கூறலாம். கூட்டி எழுதியவன் அன்று முதல் அவ்வரியைக் காவல் காத்துக்கொண்டே கற்பிக்க வேண்டும். அறியாததை அறியேன் எனக் கூறும் உரிமையை அவன் விற்றுவிட்டான். அவ்வுரிமை இல்லாதவனுக்கு மேலே கற்றல் என்பதும் இல்லை. கல்வியைத் தொழிலாகக் கொண்டவனுக்கு இதனினும் பெரிய இழப்பு வேறு யாதுளது?

கோப்பாய் ஆசிரியரும் கும்பகோணத்துப் பண்டிதரும் துறைமுகத்து எழுத்தரும் அவ்வுரிமையை இறுதிவரை தம்மிடமே வைத்திருந்தனர். அவர்களை ஏட்டிலும் கணிதத்திலும் பின்பற்ற எல்லார்க்கும் இயலாது. விண்ணப்பத்தின் ஒரு வரியிற் பின்பற்றுதல் யாவர்க்கும் இயலும்.